செயற்கைக்கோள் படங்களும் சிறு நிலங்களும்

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பயிரின் நிலையைக் கூறுவதாகவும், அதற்கு ஏக்கர் ஒன்றுக்கு இவ்வளவு கட்டணம் என்றும் சொல்லிக்கொண்டு பல நிறுவனங்கள் இப்பொழுது கிராமங்களை நாடி வருகின்றன. கூட்டுறவுச் சங்கம் இதில் ஈடுபடுமாயின் செலவாவது அங்கத்தினர் அனைவரின் பணம். ஆகவே, தேர்வாய் கண்டிகையைச் சுற்றியுள்ள நிலங்களுக்கு எவ்வகைப் படம் பயன்படும் என்பதை முன்னரே ஆராய்தல் அவசியம்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டுவது படத்தின் நுண்மை. செயற்கைக்கோள் படம் சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஜக்கார்டு வேலை அறிந்த நெசவாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கிராப் தாளில் பத்துக் கட்டத்திற்குள் மாங்காய்ப் புட்டா வரைந்தால் அது மாங்காயாகத் தெரியாது. நூறு கட்டம் கொடுத்தால் வளைவு தெரியும். நிலமும் அவ்வாறே.

ஐரோப்பியரின் சென்டினல்-2 என்னும் கோள்களின் படம் யாவருக்கும் இலவசம். அதன் கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். அரை ஏக்கர் வயல் பக்கத்திற்கு 45 மீட்டர் என்று கொண்டால், வரப்பும் அடுத்த வயலும் கலவாத முழுக் கட்டங்கள் 9 முதல் 16 வரையே கிடைக்கும். தழைச்சத்துக் குறைவைக் காட்ட உதவும் சிவப்பு விளிம்பு அலைவரிசைகளுக்கோ கட்டம் 20 மீட்டர். அவ்வயலில் அவை ஒன்று முதல் நான்குதான். நான்கு கட்டத்தை வைத்துக்கொண்டு, வயலின் இந்த மூலைக்கு இவ்வளவு யூரியா என்று ஒருவர் சொல்வாராயின், அதை நம்பலாகாது என்பதே நமது அபிப்பிராயம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் கட்டம் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். நமது ரிசோர்ஸ்சாட் கோளின் லிஸ்-4 கருவி 5.8 மீட்டர் வரை காட்டும். விலைக்கு விற்கும் தனியார் படங்களில் 3 மீட்டரும் அதற்குக் குறைந்தனவும் உண்டு. ஆனால் அவற்றுள் சில, குறைந்தபட்சம் இவ்வளவு பரப்புக்கு வாங்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் வருவன. தனி விவசாயிக்கு இயலாத இவ்விஷயத்தில் சங்கம் சேர்ந்து வாங்குவது பொருந்தும்.

இரண்டாவது, மேகம். இதுவே நம் பகுதியில் பெருந்தடை. சென்டினல்-2 இரு கோள்களாக 5 நாட்களுக்கு ஒருமுறை வந்தாலும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மூடியிருக்கும்பொழுது அது காண்பது வெண்மேகத்தையே. சம்பாப் பயிருக்கு மேலுரமிட வேண்டிய நாட்களும் பல இடங்களில் இவையே! நவரையிலும் சொர்ணவாரியிலும் இத்தொல்லை குறைவு. மேகத்தை ஊடுருவுவது ரேடார் படம். சென்டினல்-1 கோள் ஒவ்வொன்றும் 12 நாட்களில் தன் பாதைக்குத் திரும்பும். நீர் தேங்கிய நடவு வயல் அதில் கருமையாகவும், பயிர் வளர வளர வெளுத்தும் தெரியும். இவ்வழியிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றுடன் சேர்ந்து நெற்பரப்பைக் கணக்கிட்டது. பயிர்க் காப்பீட்டுக்கு இது உதவும். எனினும், இலை மஞ்சளாவதை ரேடார் சொல்லாது.

படம் நோயுள்ள இடத்தைக் காட்டுமேயன்றி நோயின் காரணத்தைக் காட்டாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். பசுமை குறைந்த இடத்தில் நீர் தேங்கியதா, துத்தநாகம் குறைந்ததா, புகையான் தாக்கியதா என்பதை வயலில் இறங்கித்தான் அறிய வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-05இல் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம் பெயர் பெற்றது வானத்துப் படத்தாலன்று. சொட்டுநீர்க் குழாய் வழியே கரையும் உரத்தை அளந்து கொடுத்ததால்.

படம் பார்க்கப் பழகுவதற்கு நம் ஊரே நல்ல பாடம். கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து அமைத்த நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்டினல்-2இன் பழைய படங்கள் 2015 முதல் இருப்பதால், 2016இன் படத்தையும் 2021இன் படத்தையும் இணையத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். செலவு ஏதுமில்லை. நீரும் சிப்காட் கட்டடங்களும் எவ்வாறு தெரிகின்றன என்று கண்டபின், நம் வயலைத் தேடுவது எளிது.

இதன்பின் நிறுவனத்தாரிடம் சில கேள்விகள் எழுத்து மூலம் கேட்கப்பட வேண்டும். எந்தக் கோளின் படம்? அதன் உண்மையான கட்ட அளவு யாது? இலவசப் படத்தையே நுண்கட்டங்களாகப் பிரித்து, வண்ணம் தீட்டி விற்பதும் உண்டு. பிரித்ததனால் புது விவரம் எதுவும் சேர்ந்துவிடாது. சென்ற கார்த்திகையில் நம் கிராமத்தைத் தெளிவாக எடுத்த நாட்கள் எத்தனை? எல்லையும் சாகுபடி விவரமும் குறித்த நமது பதிவேடு பிறருக்கு விற்கப்படுமா? இவற்றிற்கு விடை கிடைத்தபின், ஒரே நவரைப் பருவத்திற்கு மட்டும், அருகருகே உள்ள நிலங்களைச் சேர்த்து ஒப்பந்தம் செய்யலாம். படம் குறை காட்டிய இடங்களில் மண் மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பும் செலவையும் அவ்வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்க.