முதல் காலனியை எங்கே அமைப்பது?

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், ரிம்வேர்ல்ட், ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் ஆகிய மூன்றில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? கல்லூரி முடிந்து வந்து இரவில்தான் விளையாட நேரம். – திருமங்கலம் வாசகர், மதுரை மாவட்டம்

ரிம்வேர்ல்டில் ஆரம்பியுங்கள். விழுந்து நொறுங்கிய கப்பலில் தப்பிய மூன்று பேரைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஆபத்துகளை அனுப்பும் கதைசொல்லியாக ஃபீபியைத் தேர்ந்தெடுத்தால், ஒரு ஆபத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கும். ராண்டி என்ற கதைசொல்லியின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அவருக்கு இரக்கமும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது.

2019-இல் முழுமையாக வெளியான ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் வேறு ரகம். பொம்மைப்படம் போலச் சிரிக்கும். உள்ளே முழுக்க இயற்பியல். கரியமில வாயு கீழே தேங்கும், ஹைட்ரஜன் மேலே ஏறும். முதலில் பாசியிலிருந்து ஆக்சிஜன் எடுப்பீர்கள். அது தீர்ந்ததும் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசருக்கு மாறுவீர்கள். அங்கேதான் வினை. அதிலிருந்து வரும் ஆக்சிஜன் 70 டிகிரிக்குக் குறையாது. உங்கள் மீல்வுட் பயிரோ 30 டிகிரியைத் தாண்டினால் வளராது. சித்திரை வெயிலைப் பார்த்த மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை! பண்ணையை எலக்ட்ரோலைசரிலிருந்து தள்ளி வையுங்கள், நடுவே வெப்பம் கடத்தாத ஓடுகளால் சுவர் எழுப்புங்கள். பாதிப் பேர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆடம்ஸ் சகோதரர்களின் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் 2006-இல் வந்தபோது திரை முழுக்க எழுத்துகளும் குறியீடுகளும்தான். 2022 டிசம்பரில் வந்த ஸ்டீம் பதிப்பில் படங்களும் மவுஸ் வசதியும் உண்டு. ஆனாலும் ஏழு குள்ளர்களின் கோட்டை எதனால் அழிந்தது என்று புரியவே சில கோட்டைகள் பலியாகும். செமஸ்டர் விடுமுறைக்கு ஒதுக்கிவையுங்கள். படமில்லாத பழைய வடிவம் இலவசம்.