கார் ஏ.சி. குளிராவிட்டால் தாமே செய்யக்கூடியவை

சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவரப் பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் உழவர்கள் இன்று பலர். கோடையில் ஏ.சி. குளிரவில்லை என்றால் உடனே 'காஸ்' நிரப்பச் செல்கிறோம். காஸ் குறைவு பல காரணங்களுள் ஒன்றே. மற்றவற்றை நீங்களே சரிபார்க்கலாம்.

இயங்கும் முறை

வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது அல்லவா? ஏ.சி.யும் அவ்வாறே இயங்குகிறது. கம்ப்ரசர் காஸை அழுத்துகிறது. காரின் முன்புறமுள்ள கண்டன்சரில் அது வெப்பத்தை வெளியேற்றித் திரவமாகிறது. பின்னர் காரின் உட்புறக் குழாய்களில் மீண்டும் ஆவியாகி, அங்குள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறிய பின் தொடங்கவும்.

1. காற்று வரத்துக் குறைவாக இருந்தால் உட்புறக் காற்று வடிகட்டியைப் பார்க்கவும். பல கார்களில் இது முன் இருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டியின் பின்னால் இருக்கும். தூசி அடைத்திருந்தால் மாற்றவும்.

2. களத்துமேட்டுத் தூசியும் பதரும் கண்டன்சரை அடைத்துக்கொள்ளும். குழாய் நீரை மெதுவாக விட்டுக் கழுவவும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

3. பெல்ட் தளர்ந்துள்ளதா, எலி ஒயரைக் கடித்துள்ளதா எனப் பார்க்கவும். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடவும்.

4. பின்பு காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டி, ஏ.சி.யைப் போடவும். கண்டன்சர் விசிறி சுற்றுகிறதா, கம்ப்ரசர் இயங்குகிறதா எனத் தள்ளி நின்று கவனிக்கவும். துண்டு, வேட்டி நுனி, கை எதுவும் அருகில் செல்லக்கூடாது.

கசிவே மூல காரணம்

காஸ், டீசலைப் போல எரிந்து செலவாவதில்லை. ஆண்டுதோறும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் காஸ் நிரப்புவது, வரப்பில் நண்டு வளை இருக்க வயலுக்கு நீர் பாய்ச்சுவது போன்றது. காஸுடன் எண்ணெயும் சுற்றி வருவதால், கசியும் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி அங்குச் சோப்பு நீர் தடவினால் குமிழி வரலாம். கசிவு மிகச் சிறியதாயின் குமிழி வராது. அதற்குப் பட்டறைக் கருவி தேவை.

செய்யக்கூடாதவை

காஸ் குழாயின் எந்த இணைப்பையும் தளர்த்தாதீர்கள். கார் டயரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 பவுண்டு. ஏ.சி. ஓடும்போது உயர் அழுத்தக் குழாயில் 200 பவுண்டுக்கு மேலும் இருக்கக்கூடும். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ காஸ், வெளிவந்தால் சுழிக்குக் கீழ் 26 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று சமையல் எரிவாயுவை நிரப்ப ஒருபோதும் இசையாதீர்கள், அது தீப்பற்றும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கசிவு எங்கே? அதை அடைத்தாயிற்றா? பழைய காஸைக் கருவியில் சேகரித்தீர்களா? குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பால் நீக்கினீர்களா? பானட்டின் கீழ் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட வகைக் காஸைக் கிராம் அளவில் எடை போட்டு நிரப்பினீர்களா? அளவு மிகுந்தாலும் குளிர்ச்சி குறையும்; கம்ப்ரசரும் கெடும்.

இக்கேள்விகளுக்குச் சரியான விடை கிடைத்த பின்னரே பணம் கொடுங்கள். ஆண்டுதோறும் காஸுக்குச் செய்யும் வீண் செலவைத் தவிர்க்கலாம்.