பட்டன் ஏன் வேலை செய்யல?



வெப் டிசைன் லேபில் நாம் அடிக்கடி பார்ப்பதுதான். பக்கம் அழகாக வந்துவிடும். பட்டனை அமுக்கினால் ஒண்ணும் நடக்காது. உடனே பலரும் புரோகிராமை அழித்துவிட்டு முதலிலிருந்து டைப் அடிப்பார்கள். அதற்குள் பெல் அடித்துவிடும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு லேப் நேரம்தான் சொத்து. ஆகவே எதையும் அழிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்ததா?

எஃப்12 அமுக்கி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி லோடு செய்யுங்கள். சர்வரிலிருந்து வரும் ஃபைலுக்கு நேராக 404 என்று இருந்தால் பெயரையும் பாதையையும் சரிபாருங்கள். விண்டோஸ் சாதாரணமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது; லினக்ஸ் சர்வர் பார்க்கும். லேபில் ஓடியது சர்வரில் படுத்துக்கொள்ள இது ஒரு காரணம். திருத்திய பிறகும் பழையதே ஓடுகிறதா? கண்ட்ரோலுடன் எஃப்5 அமுக்குங்கள்.

2. வரிசை சரியா?

ஜேகுவெரி போன்ற லைப்ரரி முதலில், அதை நம்பியிருக்கும் நம் ஸ்கிரிப்ட் பிறகு. மாற்றிப் போட்டால் கன்சோலில் 'டாலர் இஸ் நாட் டிஃபைன்ட்' என்று வரும். என் அப்பா கொத்தனார். சாரம் கட்டாம மேல்சுவர் பூச முடியாது என்பார். இங்கும் அதே கதைதான்.

3. நேரம் சரியா?

பிரவுசர் மேலிருந்து கீழாகப் படிக்கும். ஹெட் பகுதியில் சாதாரண ஸ்கிரிப்ட் டேக் வந்தால், படிப்பதை நிறுத்தி, அதை ஓட்டிவிட்டுத்தான் கீழே இறங்கும். அப்போது பட்டனே உருவாகியிருக்காது; தேடினால் 'நல்' தான் கிடைக்கும். பாடி முடியும் இடத்துக்கு முன் ஸ்கிரிப்டை வையுங்கள். அல்லது டேக்கில் 'டிஃபர்' சேருங்கள். பக்கம் முழுவதும் படித்த பிறகு, எழுதிய வரிசையிலேயே ஓடும். ஆனால் தனி ஃபைலாக உள்ள ஸ்கிரிப்டுக்குத்தான் அது செல்லும். 'ஏசிங்க்' வேறு: எது முதலில் வந்ததோ அது ஓடிவிடும், வரிசை நிச்சயமில்லை. ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு அது வேண்டாம்.

எங்க வீட்ல காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க அங்கே ஆள் கிடையாது. கன்சோலின் சிவப்பு எழுத்தோ ஃபைல் பெயரும் வரி எண்ணும் சேர்த்துச் சொல்கிறது. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நண்பர்களே. நிதானமாகப் படியுங்கள்.