வீட்டில் சாது, ரோட்டில் வேறு ஆள்



போன மாதக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கண் கலங்கினார். "ஒன்பதாவது படிக்கிறான், வீட்ல அவ்வளவு சாது. ஆனா ரெண்டு பேரை பின்னாடி ஏத்திக்கிட்டு அசோக் பில்லர்கிட்ட வண்டி ஓட்டினான்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு." அந்த வண்டி, மாவு பாக்கெட் போடுவதற்காகக் குழுக் கடனில் வாங்கியது.

பையன் வீட்டில் நடிக்கிறான் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி இல்லை. 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பர்க் என்ற ஆய்வாளர்கள் 306 பேரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்ட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டத் துணிவார்கள் என்பதுதான் ஆட்டம். சிலர் தனியாக ஆடினார்கள். சிலர் பக்கத்தில் தங்கள் வயதுக்காரர்கள் இருந்தார்கள். கூட்டாளிகள் பார்க்கும்போது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை.

சரி, எல்லாம் கூட்டாளிகளால் வந்த வினையா? "ஓடிப்போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வா" என்று சாவியைக் கொடுத்தது யார்? (நம்மில் பலர் கொடுத்திருக்கிறோம்.) ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டும் அப்பாவையும் அவன் தினம் பார்க்கிறான். வீட்டில் கிடைத்த அனுமதியைத்தான் வெளியே நண்பர்களிடம் காட்டுகிறான்.

சட்டமும் வீட்டைத்தான் கேட்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். பால் வாங்க அனுப்பியவர் எப்படி நிரூபிப்பார்? வண்டி நின்றாலும் குழுத் தவணை நிற்காதே!

அந்த அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். பையன் மூன்று நாள் பேசவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அவன் நண்பர்களை வரச் சொல்லி தோசை ஊற்றிக் கொடுத்தார். அப்போதுதான் அவர்களின் பெயரே அவருக்குத் தெரிந்தது.

அடுத்த கூட்டத்துக்கான பயிற்சி: உங்கள் மகன் அல்லது மகளின் மூன்று நண்பர்களின் பெயர், அவர்கள் அம்மாவின் போன் நம்பர். யாரிடமும் கேட்காமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.