டாக்கிங் ஸ்டேஷன்: போர்ட்டை எண்ணி வாங்கலாமா?

பருப்பு மூட்டை வந்து இறங்கினால் மேலே அச்சடித்த பெயரைப் பார்த்து மட்டும் நாம் பணம் கொடுப்பதில்லை. குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். கம்ப்யூட்டர் சாமான் வாங்கும்போது மட்டும் ஏனோ இந்தப் பழக்கம் மறந்துவிடுகிறது.

லேப்டாப்பில் பில் போடும் கடைகளில் பிரின்டர், பார்கோடு ஸ்கேனர், எலெக்ட்ரானிக் தராசு, வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைக்கும் இரண்டாவது திரை, லேன் கேபிள் என எல்லாவற்றையும் செருக இடம் போதுவதில்லை. இவற்றையெல்லாம் தன்னிடம் வாங்கிக்கொண்டு, ஒரே கேபிளில் லேப்டாப்போடு சேரும் பெட்டிதான் டாக்கிங் ஸ்டேஷன். இரவு கடை அடைக்கும்போது அந்த ஒரு கேபிளை உருவினால் போதும், லேப்டாப் வீட்டுக்கு வந்துவிடும்.

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் பதினொரு போர்ட் உள்ள பெட்டி வாங்கினார். பிரின்டர் ஓடியது, ஸ்கேனர் ஓடியது. ஹெச்டிஎம்ஐ வழியாக இணைத்த திரையில் மட்டும் படம் இல்லை. விற்றவர் திரையைக் குறை சொன்னார். திரையை மாற்றினார், கேபிளை மாற்றினார், செலவுதான் கூடியது. கடைசியில் பார்த்தால், அவருடைய லேப்டாப்பின் யூஎஸ்பி-சி போர்ட் படம் அனுப்பும் வகையே அல்ல!

யூஎஸ்பி-சி என்பது 2014-இல் வந்த ஒரு செருகியின் வடிவம், அவ்வளவே. அதே வடிவத்தில் தகவல் மட்டும் அனுப்பும் போர்ட்டும் உண்டு. சார்ஜும் படமும் சேர்த்து அனுப்புவதும் உண்டு. லேப்டாப்பின் விவரத்தாளில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று இருந்தால்தான் சாதாரண டாக்கில் படம் வரும். இந்த வகை டாக்கில் உள்ள சிப், லேப்டாப் தரும் படத்தை ஹெச்டிஎம்ஐக்கு மாற்றித் தரும் வேலையை மட்டுமே செய்கிறது. கேபிளுக்குள் இருக்கும் நான்கு வேகப் பாதைகளையும் படமே எடுத்துக்கொண்டால், யூஎஸ்பிக்கு மிஞ்சுவது 480 மெகாபிட் வேகம். ஸ்கேனருக்கும் பிரின்டருக்கும் அதுவே தாராளம். ஹார்டு டிஸ்கில் கணக்கை பேக்கப் எடுக்கும்போதுதான் தாமதம் தெரியும்.

படம் அனுப்பாத போர்ட் உள்ளவர்களுக்கும் வழி உண்டு. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக், திரைப் படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தகவலாகவே வாங்கிக்கொள்ளும். (இந்த நிறுவனத்தை 2020-இல் சினாப்டிக்ஸ் வாங்கியது.) அதற்கான டிரைவர் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்ற வேண்டும், புராசஸருக்கும் கொஞ்சம் சுமை கூடும். விலையும் மொத்தத் தொகையும் காட்டும் திரைக்கு இது போதும். நம் நண்பரின் பிரச்சினையும் இப்படித்தான் தீர்ந்தது, இரண்டாவது முறை பணம் கொடுத்து. 40 கிகாபிட் வேகமுள்ள தண்டர்போல்ட் டாக்குகள் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு ஏற்றவை. மளிகைக் கடைக்கு அந்த விலை வீண் என்பது நம் கருத்து.

லேன் போர்ட்டிலும் உள்ளே இருக்கும் சிப்தான் பேசும். ரியல்டெக் ஆர்டிஎல்8152 என்றால் 100 மெகாபிட், ஆர்டிஎல்8153 என்றால் 1000 மெகாபிட். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் சிப்பின் பெயர் அங்கேயே தெரியும். இதுவே நமக்குக் குத்தூசி! பில் போட 100 போதும். ஆனால் 1000 என்று சொல்லி 100-ஐ விற்றால் அது எடை குறைந்த மூட்டைதான்.

பெட்டியில் '100 வாட்' என்று இருந்தாலும் டாக் தன் தேவைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் மீதியை லேப்டாப்புக்குத் தரும். தனி அடாப்டர் இல்லாத டாக்கில் ஹார்டு டிஸ்க்கையும் மற்றவற்றையும் சேர்த்துச் செருகினால் மின்சாரம் போதாமல் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

தராசு பழைய ஒன்பது ஊசி சீரியல் கேபிள் வகையாக இருந்தால் இன்னொரு சிக்கல். பெரும்பாலான டாக்குகளில் அந்த போர்ட் கிடையாது. யூஎஸ்பி-சீரியல் கேபிள் தனியே வாங்க வேண்டும். அதற்குள்ளும் ஒரு சிப் உண்டு. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்புக்குப் போலிகள் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்நிறுவனத்தின் டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட, முன்தினம் வரை ஓடிய கேபிள்கள் மறுநாள் ஓடவில்லை. புரோலிஃபிக் சிப்பின் புதிய டிரைவர்களும் பழைய ரகச் சிப்புகளை ஏற்பதில்லை.

ஆகவே லேப்டாப், பிரின்டர், தராசுக் கேபிள் மூன்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் மேசையிலேயே செருகி, திரையில் படம் வந்த பிறகு பணம் கொடுங்கள். மாடல் எண்ணும் மாற்றித் தரும் கெடுவும் எழுதிய ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள்; காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்களுக்கு உள்ளீட்டு வரிக் கழிவுக்கும் அந்த பில்தான் வேண்டும்.