எக்ஸ்பிளெயினா, இலூசிடேட்டா?

கேள்வி: குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் படித்துவருகிறேன். பழைய வினாத்தாள்களில் சில கேள்விகள் 'எக்ஸ்பிளெயின்' என்று முடிகின்றன, சில 'இலூசிடேட்' என்று. அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் 'விளக்கு' என்றே இருக்கிறது. விடையில் வேறுபாடு காட்ட வேண்டுமா? இன்னொரு சந்தேகம்: நேர்காணல் பயிற்சியில் நான் 'எக்ஸ்பிளெயின் மீ' என்றதும் ஆசிரியர் திருத்தினார். 'டெல் மீ' சரியென்றால் இது மட்டும் ஏன் தவறு?
- வாசகி, விருதுநகர்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழ் பேசும் நம்மில் பலர் சறுக்கும் இடம் அதுதான். 'எனக்குச் சொல்லுங்கள்', 'எனக்கு விளக்குங்கள்' என்று இரண்டையும் நாம் ஒரே அமைப்பில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் டெல், கிவ், ஷோ போன்ற பழைய சிறு வினைகள் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும்: 'ஷோ மீ த மேப்'. லத்தீன் வழி வந்த எக்ஸ்பிளெயின், டிஸ்க்ரைப், சஜஸ்ட், டெமான்ஸ்ட்ரேட் போன்றவை அப்படி ஏற்பதில்லை. விளக்கப்படும் பொருள் நேராக வரும், ஆளுக்கு முன்னால் 'டு' வரும்: 'எக்ஸ்பிளெயின் த ரூல் டு மீ'. பொருள் நீண்ட வாக்கியமாக இருந்தால் ஆள் முன்னே வரலாம். அப்போதும் 'டு' போகாது: 'எக்ஸ்பிளெயின் டு மீ ஹவ் இட் வொர்க்ஸ்'. 'எக்ஸ்பிளெயின் அபவுட்' என்பதையும் விட்டுவிடுங்கள். 'அபவுட்' அங்கே தேவையில்லை.

இனி முதல் கேள்வி. எக்ஸ்பிளெயினின் லத்தீன் மூலத்துக்கு மேடுபள்ளம் இல்லாமல் சமப்படுத்துதல் என்று பொருள். இலூசிடேட் வெளிச்சத்தைக் குறிக்கும் 'லூக்ஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. ஏன், எப்படி என்று எதைக் கேட்டாலும் எக்ஸ்பிளெயின் பொருந்தும். இலூசிடேட்டுக்கோ, தெளிவில்லாத ஒன்று ஏற்கெனவே கண்முன் இருக்க வேண்டும்: சிக்கலான கூற்று, புரியாத பத்தி, மறைந்திருக்கும் அமைப்பு.

வேதியியலில் இந்தச் சொல்லின் முழு வலிமையைப் பார்க்கலாம். மூலக்கூறில் எந்த அணு எங்கே பிணைந்திருக்கிறது என்று கண்டறிவதை 'ஸ்ட்ரக்சர் இலூசிடேஷன்' என்பார்கள். 1945இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பென்சிலினின் அமைப்பை உறுதிசெய்தது அத்தகைய வேலை. (1964இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.) அங்கே எக்ஸ்பிளெயின் என்று போட முடியாது. தெரிந்ததை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வது வேறு, யாருக்கும் தெரியாதிருந்ததைத் தெளிவாக்குவது வேறு. இந்த நுட்பத்துக்காகவே எனக்கு இந்தச் சொல் பிடிக்கும்.

தேர்வுக்கு வருவோம். 'தென்மேற்குப் பருவமழை தமிழகத்தின் கிழக்குப் பகுதிக்கு ஏன் குறைவாகக் கிடைக்கிறது?' என்பது எக்ஸ்பிளெயின் வகைக் கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலை, மழை மறைவு என்று காரணத்தைப் படிப்படியாகச் சொன்னால் முடிந்தது. 'கூட்டாட்சி சட்ட அதிகாரத்தில் மட்டுமல்ல, நிதிப் பகிர்விலும் இருக்கிறது' என்று ஒரு கூற்றைத் தந்து 'இலூசிடேட்' என்றால், அந்தக் கூற்றைத்தான் பிரித்துக் காட்ட வேண்டும். சட்ட அதிகாரம் என்றதும் ஏழாவது அட்டவணை. நிதி என்றதும் 280ஆவது பிரிவின் நிதி ஆணையம், 279ஏ பிரிவின் ஜிஎஸ்டி மன்றம். கூற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சான்று நிற்க வேண்டும். 10 மதிப்பெண் கேள்விக்கு 150 சொற்கள்தான். பொது முன்னுரைக்கு அதில் இடமில்லை. கேட்டது எந்த வினை என்று பார்க்காமல், தெரிந்ததையெல்லாம் கொட்டி எழுதுவதுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

பக்கத்துச் சொற்கள் இரண்டு. 'எக்ஸ்பவுண்ட்' ஒரு கொள்கையை விரிவாக எடுத்துரைப்பது. பின்னால் 'ஆன்' வரலாம். 'எக்ஸ்பிளிகேட்' நூலை நுணுகிப் பொருள் சொல்வது. திருக்குறளுக்குப் பரிமேலழகர் செய்தது அது. 'எக்ஸ்பிளெயின் அவே' என்பதில் மட்டும் கவனம் தேவை. தவற்றையோ பிரச்சினையையோ காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதே அதன் பொருள்.

நேர்காணலில் எக்ஸ்பிளெயின் என்றே பேசுங்கள். இலூசிடேட் பேச்சில் விறைப்பாக ஒலிக்கும். எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எக்ஸ்பிளெயினில் உள்ள 'ஐ' எழுத்து, 'எக்ஸ்பிளனேஷன்' என்று பெயர்ச்சொல்லாகும்போது அந்த இடத்தில் வராது.