பிறர் கையிலுள்ள எழுத்தைப் பார்க்கலாமா?

பிறர் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த ஒழுக்கம். திருமறையின் அந்நூர் அத்தியாயம் (24:27, 28) இதைக் கட்டளையிடுகிறது. ‘திரும்பிப் போங்கள்’ என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் அங்கே வருகிறது. ஆனால் அனுமதி கேட்பது எதற்காக விதிக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் சிந்திப்பதில்லை.

ஸஹ்லு பின் ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. பெருமானார் (ஸல்) அவர்கள் தலை கோதும் கருவி ஒன்றைக் கையில் வைத்திருந்தபோது, ஒரு மனிதர் கதவின் துவாரத்தின் வழியாக உள்ளே பார்த்துவிட்டார். அது தெரிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் ஏற்பட்டது என்றும் விளக்கினார்கள். கால் வாசலுக்கு வெளியே நின்றாலும், கண் உள்ளே போய்விட்டால் நுழைந்தது நுழைந்ததுதான்!

இனி நம் அன்றாடப் பயணத்துக்கு வருவோம். நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் போகிறவருக்கு ஒரு மணி நேரமாவது பொழுது போக வேண்டும். உட்கார இடம் கிடைத்தவர் பத்திரிகையை விரிக்கிறார், அல்லது செல்போனை எடுக்கிறார். கம்பியைப் பிடித்து நிற்பவரின் கண் நேராக அவர் மடியில் விழுகிறது. பக்கத்தில் இருப்பவர் கழுத்தை நீட்டிப் படிக்கிறார். முன்பின் அறியாதவரின் தோளுக்கு மேலே இப்படிப் படிப்பது கூடுமா? இது சிறு விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று திருமறை (17:36) எச்சரிக்கிறது.

கடிதம் பற்றிய ஹதீது

தன் சகோதரனின் கடிதத்தை அவன் அனுமதியின்றிப் பார்ப்பவன் நரக நெருப்பைப் பார்ப்பவன் போலாவான் என்ற கருத்துள்ள ஓர் அறிவிப்பை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் அபூதாவூது (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். இதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று அவர்களே குறிப்பிட்டும் இருக்கிறார்கள். ஆயினும் இதன் கருத்துக்குத் துணையாக வலுவான சான்றுகள் உண்டு. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது திருமறையின் கட்டளை (49:12). தாம் பேசுவதைப் பிறர் கேட்பதை விரும்பாதவர்களின் பேச்சை ஒட்டுக் கேட்பவனுக்கு மறுமையில் உள்ள கடும் வேதனையைப் பற்றிய ஹதீது புகாரியில் உள்ளது. காதால் திருடுவது குற்றமானால், கண்ணால் திருடுவது மட்டும் எப்படி ஆகுமாகும்?

பத்திரிகையும் செல்போனும் ஒன்றா?

மேற்சொன்ன அறிவிப்பை விளக்க வந்த இப்னுல் அதீர் (ரஹ்) அவர்கள், இரகசியமும் அமானிதமும் அடங்கிய, பிறர் பார்ப்பதை உரியவர் வெறுக்கக்கூடிய கடிதத்தையே இது குறிக்கும் என்கிறார்கள். எல்லா ஏடுகளுக்கும் இது பொதுவானது என்று சொன்னவர்களும் உண்டு என்பதையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பத்திரிகையில் உள்ள செய்தி ஊருக்கெல்லாம் பொதுவானது. அதில் இரகசியம் இல்லை. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். பிடரியில் மூச்சுப் பட ஒருவர் படித்தால் அவருக்குச் சங்கடம். “அண்ணே, நடுத்தாளைக் கொஞ்சம் தர்றீங்களா?” என்று கேட்டுவிட்டால் முடிந்தது. கொடுத்தவருக்கு நன்மை, வாங்கியவருக்கு மரியாதை. அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்போரைத் திருமறையின் மாஊன் அத்தியாயம் (107:7) கண்டிப்பதால், கேட்டவருக்கு ஒரு தாளை உருவிக் கொடுப்பதே அழகு.

செல்போனின் கதை வேறு. அரபு நாட்டிலிருந்து கணவர் மனைவிக்கு எழுதுவது அதில்தான் வருகிறது. வங்கிக் கணக்கின் இருப்பு, மருத்துவ அறிக்கை, பெண் பார்க்கும் பேச்சு, கடன் கொடுத்தவரின் கோபம் எல்லாமே அதில்தான். முற்காலக் கடிதத்துக்கு உறை இருந்தது. இதற்கு உறையே இல்லை. உறை இல்லாதது அனுமதி ஆகிவிடாது. கதவில்லாத வீடும் வீடுதான். பெண்கள் இருக்கையின் அருகில் நிற்கும் ஆண், அவர்கள் கையிலுள்ள திரையை நோக்குவதில் இரண்டு தவறுகள் சேர்கின்றன. பார்வையைத் தாழ்த்த வேண்டும் என்ற கட்டளையையும் (24:30) அவர் மீறுகிறார்.

அந்தரங்கம் காக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 24-8-2017 அன்று தீர்ப்பளித்தது. நாட்டுச் சட்டம் அந்தரங்கத்தை இவ்வளவு மதிக்கும்போது, அனுமதிச் சட்டத்தை வேதத்திலேயே பெற்றவர்கள் அலட்சியமாக இருக்கலாமா?

அனுமதிக்கும் அளவுண்டு

எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர், “பேராண்டி, இதில என்ன வந்திருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா” என்று போனை நீட்டினால் படித்துச் சொல்வது நற்செயல். ஆனால் அவர் காட்டிய அந்த ஒரு செய்திக்குத்தான் அனுமதி. விரலைத் தள்ளி அடுத்ததைப் பார்ப்பது அமானித மோசடி. படித்ததை இறங்கும் இடத்தில் நால்வரிடம் சொல்வதும் அப்படியே.

கண் பட்டுவிட்டால்?

நெரிசலில் நிற்பவரின் கண் தற்செயலாகப் படத்தான் செய்யும். அது குற்றமாகாது. திடீரெனப் படும் பார்வையைப் பற்றி ஜரீர் (ரலி) அவர்கள் வினவியபோது, பார்வையைத் திருப்பிக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (முஸ்லிம்). அந்நியப் பெண்ணின் மீது படும் பார்வை பற்றிய அந்தப் பாடம் இதற்கும் பொருந்தும். முதல் சொல் கண்ணில் பட்டது தற்செயல். இரண்டாவது வரியைத் தேடிப் போவது நம் செயல்.

விதிவிலக்கு

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றிக்கு முன், முஸ்லிம்களின் புறப்பாட்டைக் குறைஷிகளுக்குத் தெரிவிக்கும் கடிதம் ஒன்றை ஒரு பெண் கொண்டு சென்றாள். அலி (ரலி) முதலானோரை அனுப்பி அதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கைப்பற்றினார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அனுமதி கோரும் பாடத்தில் இதற்கென்றே ஒரு தலைப்பு அமைத்துள்ளார்கள். தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது பிறர் கடிதத்தைப் பார்க்கலாம் என்பதற்கு இது ஆதாரம் என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர்.

ஆகவே பக்கத்து இருக்கைப் பெரியவர், முகம் தெரியாத எவனோ கேட்கிறான் என்று போனில் வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லப் போகிறார் என்றால், “அத்தா, சொல்லாதீங்க” என்று தடுப்பது கடமை. ஆனால் இதைச் சாக்காக வைத்து எல்லோர் போனையும் காவல் காப்பது ஆகாது. ஆபத்து தானாகக் கண்ணில் படுவது வேறு, ஆபத்து இருக்குமோ என்று தேடிப் போய்த் துருவுவது வேறு.

பஸ்ஸில் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது தன் மடியளவு இடம்தான். அந்த இடத்தில் அவர் விரித்து வைத்திருப்பது அவர் வீடு. ஒன்று, வாசலில் நின்று அனுமதி கேட்போம். இல்லையேல், ஜன்னல் பக்கம் திரும்பி நத்தத்து மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு போவோம். நம் கண்களையும் நாவையும் பிறர் அந்தரங்கத்தை விட்டுக் காத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.